புயலில் வண்டிக்குள் படுக்கலாமா?

கே: பழைய வேனில் கட்டில், அடுப்பு வைத்து வீடு மாதிரி ஆக்கியிருக்கிறோம். கார்த்திகையில் கோடியக்கரை போகிறோம். புயல் வந்தால் உள்ளேயே இருந்துவிடலாமா?
– வாசகி, மன்னார்குடி

ப: வேண்டாம்மா. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையேறியது அந்த வேதாரண்யம் பக்கம்தான். தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். உயரமான வண்டி, பக்கவாட்டில் காற்று வாங்கினால் கவிழ்ந்துவிடும். எச்சரிக்கை வந்ததுமே கிளம்புங்கள், முடியாவிட்டால் வண்டியை விட்டுவிட்டுப் புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போங்கள். வெறும் மழைக்காற்று என்றால் சரி, முகப்பைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி, சிலிண்டரை மூடி, தென்னையோ மின்கம்பியோ இல்லாத மேட்டில் நிறுத்துங்கள் (வாய்க்கால் கரையும் மேடுதானே என்று ஏறிவிடாதீர்கள், ஈரத்தில் சக்கரம் புதையும்). அப்புறம், புயலில் காற்று திடீரென்று நின்றால் வெளியே வராதீர்கள். அது புயலின் நடுவே காற்று ஓய்ந்திருக்கும் கண் பகுதியாக இருக்கலாம், வடக்கேயிருந்து அடித்தது கொஞ்ச நேரத்தில் தெற்கேயிருந்து அடிக்கும்.