ஸ்காபரோவில் வீடு எடுக்கலாமா?

அன்புள்ள தங்கச்சிக்கு,

கனடாவின் ரொறன்ரோ நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில், எக்லின்ரன் வீதிப் பக்கம் வாடகைக்கு ஒரு பேஸ்மென்ட் பார்த்திருப்பதாகவும், "ஸ்காபரோவில் பொழுதுபட்டால் வெளிக்கிட ஏலாது" என்று பக்கத்து நகரமான மார்க்கத்தில் (Markham) இருக்கும் மாமி தடுப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். மாமியின் பயம் பொய்யல்ல. ஆனால் அதில் பெரும்பகுதி பழைய பயம்.

1990களின் பிற்பகுதியில் இங்கே தமிழ் இளைஞர் குழுக்கள் ஒன்றையொன்று வெட்டியும் சுட்டும் திரிந்தன. அக்காலத்தில் பிள்ளை வளர்த்தவர்களின் மனதில் ஊர்ப்பெயரோடு அந்த நினைவும் ஒட்டிக்கொண்டது. 2012 ஜூலையில் ஸ்காபரோவின் டான்சிக் வீதியில் நடந்த ஒன்றுகூடலில் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டு, இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தபோது அந்த நினைவுக்கு மறுபடி உயிர் வந்தது. இந்தப் பயத்துக்கு ஊரின் பெயரும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் இப்பெரும்பரப்பில் எந்த மூலையில் எது நடந்தாலும் "ஸ்காபரோவில்" என்றே சொல்கிறார்கள். நகர மையத்தில் நடந்தால் மட்டும் வீதியின் பெயரைச் சொல்கிறார்கள். ரொறன்ரோவில் 96 கொலைகள் பதிவான 2018ஆம் ஆண்டை இன்றும் பலர் எடுத்துக்காட்டுவார்கள். அவற்றுள் பத்து, நோர்த் யோர்க்கில் ஒருவன் நடைபாதையில் வான் ஏற்றிய ஒரே நாளில் நேர்ந்தவை என்பதை எவரும் சேர்த்துச் சொல்வதில்லை.

எனக்கு நேர்ந்ததோ வேறு. 2023இல் ரொறன்ரோவில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் திருட்டுப்போயின. என் வாசலில் நின்ற காரும் அவற்றில் ஒன்று. வீட்டுக்குள் கிடக்கும் சாவி வெளியிடும் ரேடியோ அலையை வெளியிலிருந்தே பிடித்துக் காரைக் கிளப்பிவிடுகிறார்கள். இப்போது சாவியை வாசலுக்கு எட்டத்தில், தகர டின்னுக்குள் வைக்கிறேன். இந்தத் திருட்டுக்கு மாமியின் மார்க்கமும் விலக்கல்ல.

ஆகவே ஊரின் பெயரை விட்டுவிட்டு, வீட்டை இரவு பத்து மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். பஸ் தரிப்பிலிருந்து நடக்கும் வழியில் வெளிச்சம் உண்டா, பேஸ்மென்ட்டின் பக்கவாசலில் விளக்கு எரிகிறதா, அந்த நேரத்தில் ஆள் நடமாட்டம் எப்படி என்பவற்றைக் கவனியுங்கள். வேலை முடிந்து தனியே திரும்பும் பெண்ணுக்கு இவைதான் முக்கியம். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு தனியே பயணிப்பவர் கேட்டால், ரீரீசி (ரொறன்ரோ நகரப் போக்குவரத்துச் சேவை) பஸ் ஓட்டுநர், பாதுகாப்பாக நிறுத்தக்கூடிய இடமானால், இரு தரிப்புகளுக்கு இடையிலும் இறக்கிவிடுவார். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.