ஏரிக்கரை ஊரில் மாட்டிக்கொள்வோமா? முழுப் பணத்தையும் முன்பே கட்டலாமா?

கேள்வி: செப்டம்பர் கடைசியில் அப்பா, அம்மாவை அழைத்துக்கொண்டு இத்தாலி போகிறோம். கோமோ ஏரியில் கூட்டம் தாங்காது என்பதால், ஓர்த்தா சான் ஜூலியோ என்ற சின்ன ஏரிக்கரை ஊரில் நான்கு இரவு தங்க ஆசை. பயண முகவர் ஹோட்டல், வாடகை கார், தீவுக்குத் தனிப்படகு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பேக்கேஜ் போட்டிருக்கிறார். முன்பணம் கொஞ்சம் கொடுத்துவிட்டோம். மீதியையும் இப்போதே கட்டச் சொல்கிறார். “கட்டிய ரசீது இல்லாவிட்டால் விசா கிடைக்காது. அந்த ஊருக்கு நீங்களாகப் போனால் வண்டி கிடைக்காமல் நடுவழியில் நிற்பீர்கள்” என்கிறார். அப்பாவுக்கு மூட்டுவலி. கட்டிவிடலாமா?

பதில்: கட்டாதீர்கள். குறைந்தபட்சம் இந்தப் பேக்கேஜுக்கு, இந்த நிபந்தனையில் கட்டாதீர்கள். ஊரை நன்றாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், அதை மாற்றவும் வேண்டாம்.

முதலில் விசா விஷயம், ஏனென்றால் பயமுறுத்தலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. இத்தாலிக்கு நீங்கள் வாங்க வேண்டியது ஷெங்கன் விசா, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது. அதற்கு எங்கே தங்கப்போகிறீர்கள் என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். ஹோட்டல் தரும் முன்பதிவு உறுதிக் கடிதம் அதற்குப் போதும். உங்கள் பெயர்கள், தேதிகள், ஹோட்டல் முகவரி அதில் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பின்னால் ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் பதிவு செய்த அறையும் முன்பதிவுதான். “முழுப் பணம் கட்டினால்தான் விசா” என்பது முகவர்கள் தங்கள் வசதிக்காகச் சொல்லிப் பழகிவிட்ட வசனம். விசா மறுக்கப்பட்டால் அந்தப் பணம் என்ன ஆகும் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

இதற்கு நேரெதிரான இன்னொரு ஆபத்தும் உண்டு. சிலர் “டம்மி புக்கிங்” என்று போலியாக ஒரு தாளை அடித்துக் கொடுப்பார்கள். அதை வாங்கவே வாங்காதீர்கள். போலி ஆவணம் கொடுத்தது தெரிந்தால், விசாவை மறுக்க அந்த ஒன்றே போதும். அப்புறம் அந்த மறுப்பு பதிவில் இருக்கும், அடுத்த விண்ணப்பத்தைப் பார்ப்பவருக்கும் தெரியும். மாட்டுவது நீங்கள், தாளை அடித்தவர் அல்ல.

விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்தே போடலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது போட்டாக வேண்டும் என்பது விதி. ஆனால் கோடையில் நேர்காணல் தேதி கிடைப்பதுதான் பெரும்பாடு. தேதிகளை இடைத்தரகர்கள் வளைத்து வைத்துக்கொண்டு விற்கிறார்கள் என்று எத்தனை வருடமாகப் புகார்! விண்ணப்பக் கட்டணத்தை மட்டும் 2024 ஜூனில் 80 யூரோவிலிருந்து 90 யூரோவாக ஏற்றத் தெரிந்த அமைப்புக்கு, வரிசையை ஒழுங்குபடுத்தத் தெரியவில்லை. வயதானவர்களை அழைத்துக்கொண்டு போகிறவர்கள் விடிய விடியத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. எரிச்சலாக இருந்தாலும் அதிகாரபூர்வ தளத்தை விட்டு வெளியே போகாதீர்கள். பெயரும் நிறமும் அதே மாதிரி இருக்கும் தளங்கள் நிறைய இருக்கின்றன. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். அப்பாவுக்கு ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு அது பொருந்துமா என்று மட்டும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி, மாட்டிக்கொள்வோமா என்ற பயம். ஓர்த்தாவில் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். ஆனால் அந்த ஊர் அமைந்திருக்கும் விதம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மிலானிலிருந்து நொவாரா போய், அங்கே ரயில் மாறி, ஓர்த்தா மியாசினோ என்ற நிலையத்தில் இறங்க வேண்டும். பெயரில் ஓர்த்தா இருப்பதால் ஊருக்குள் இறங்கப்போகிறோம் என்று நினைப்பீர்கள். நிலையம் மேட்டில் இருக்கிறது. ஊர் கீழே, ஏரிக்கரையில், ஒன்றரை இரண்டு கிலோமீட்டர் தள்ளி. போகும்போது இறக்கம், திரும்பும்போது முழுக்க ஏற்றம். பெட்டியை இழுத்துக்கொண்டு, மூட்டுவலிக்காரரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு அந்த ஏற்றத்தை நினைத்துப் பாருங்கள். அந்தப் பாதையில் ரயில்களும் குறைவு. இத்தாலியில் பல சின்ன ஊர்களில் இதுதான் நிலைமை: நிலையம் ஒரு இடம், ஊர் ஒரு இடம். கோமோ ஏரியின் பெல்லாஜியோவுக்கு ரயிலே கிடையாது. எதிர்க்கரையில் வரென்னாவில் இறங்கிப் படகு பிடிக்க வேண்டும்.

அதனால் ஒரு ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது “ரயில் போகுமா?” என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். நிலையத்திலிருந்து அறைக்கதவு வரைக்கும் எப்படிப் போவது என்று கேளுங்கள். அமைதியான ஊர்களில் பயணம் கெடுவது பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டு கிலோமீட்டரில்தான்.

உங்கள் விஷயத்தில் தீர்வு எளிது. மிலானின் மால்பென்சா விமான நிலையத்தில் இறங்குவதாக இருந்தால், அங்கிருந்து ஓர்த்தாவுக்குச் சாலை வழியாக ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். ஹோட்டலுக்கே எழுதி, வண்டி ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். போக ஒரு தடவை, வர ஒரு தடவை. தாராளமாகச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். விமானம் இரவில் வந்து சேர்கிறதா? முதல் இரவை விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டு, காலையில் கிளம்புங்கள்.

வாடகை காரை மட்டும் பேக்கேஜிலிருந்து கட்டாயம் எடுத்துவிடச் சொல்லுங்கள். இத்தாலியப் பழைய ஊர்களில் உள்ளூர்க்காரர்களின் வண்டிகளும் அனுமதி பெற்ற வண்டிகளும் மட்டுமே நுழையக்கூடிய பகுதிகள் உண்டு. நுழைவில் கேமரா இருக்கும். யாரும் உங்களை நிறுத்த மாட்டார்கள். சில மாதம் கழித்து அபராதச் சீட்டு வீடு தேடி வரும், அதற்கு முன்னாலேயே கார் நிறுவனம் உங்கள் முகவரியை அதிகாரிகளுக்குக் கொடுத்ததற்கு என்று தனியாக ஒரு கட்டணத்தை அட்டையில் எடுத்திருக்கும். ஒரே நாளில் இரண்டு தடவை நுழைந்தால் இரண்டு அபராதம் வரலாம். முகவர் இதைச் சொல்லவே மாட்டார், அவருக்குக் காரில் கமிஷன் இருக்கிறது. ஓர்த்தாவின் பழைய ஊர்ப் பகுதிக்குள் வெளியூர் வண்டி போக முடியாது. மேலே நிறுத்திவிட்டு நடக்கத்தான் வேண்டும். நான்கு நாளும் சும்மா நிற்கப்போகும் வண்டிக்கு வாடகையும் கொடுத்து, நிறுத்தக் கட்டணமும் கொடுப்பானேன்?

“தீவுக்குத் தனிப்படகு” என்பது அடுத்த தூண்டில். சான் ஜூலியோ தீவு கரையிலிருந்து சுமார் 400 மீட்டரில் இருக்கிறது. ஊரின் நடுச் சதுக்கத்தில் நின்றால் எதிரே தெரியும். அங்கிருந்தே பொதுப்படகு போகிறது, ஐந்து நிமிடத்தில் இறக்கிவிடும், சில யூரோதான். கரைக்குப் போய் டிக்கெட் வாங்கினால் போதும். பேக்கேஜில் இந்த ஐந்து நிமிடத்துக்கு என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று தனியாக எழுதிக் கேளுங்கள்.

அங்கே பேருந்தோ ரயிலோ பிடிப்பதாக இருந்தால், அட்டவணையில் இருக்கும் சின்னச் சின்னப் படங்களைப் பாருங்கள். குறுக்காகப் போட்ட இரண்டு சுத்தியல் இருந்தால், அந்த வண்டி திங்கள் முதல் சனி வரை வேலை நாட்களில் மட்டும் ஓடும். சிலுவை இருந்தால், ஞாயிறும் விடுமுறையும். நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை நிறுத்தத்தில் போய் நின்றால், முகவர் சொன்ன நடுவழி உண்மையாகிவிடும். வேலைநிறுத்தம் அங்கே அடிக்கடி வரும், ஆனால் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். வேலைநிறுத்தம் நடந்தாலும் வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் உள்ளூர் ரயில்களில் கட்டாயம் ஓட்ட வேண்டியவை என்று ஒரு பட்டியல் உண்டு. திரும்பும் நாளில் அதை மனதில் வையுங்கள்.

ஏரிக்கரை ஊரில் கடைசிப் படகைத் தவறவிட்டால் கரையோரம் சாலை இருக்கும், வண்டி பிடிக்கலாம். ஒரு இடத்தை மட்டும் விதிவிலக்காகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு அடுத்து ஆஸ்திரியா போகும் எண்ணம் வரலாம், முகவர்களும் அதைத்தான் “அமைதியான ஏரிக்கரை” என்று விற்கிறார்கள். ஹால்ஷ்டாட். எண்ணூறு பேர்கூட வசிக்காத ஊருக்கு, சீசனில் ஒரே நாளில் பத்தாயிரம் பேர் வரை வந்து போன காலம் உண்டு. சுற்றுலாப் பேருந்துகளுக்கு நேரம் ஒதுக்கிக் கட்டுப்படுத்த வேண்டிய நிலைக்கு ஊராட்சி வந்துவிட்டது. கூட்டத்தை விடுங்கள், நான் சொல்ல வந்தது நிலையத்தை. ஹால்ஷ்டாட் ரயில் நிலையம் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இறங்கினால் முன்னால் தண்ணீர், பின்னால் மலை. டாக்சி வந்து ஏற்றிக்கொள்ளும்படி அங்கே சாலை வசதி இல்லை. பகலில் கவலையில்லை, ரயில் வரும் நேரத்தைப் பார்த்துப் படகு வந்து நிற்கும், ஏறினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஊர். ஆனால் படகு முன்னிரவிலேயே நின்றுவிடும், ரயில் அதற்குப் பிறகும் வரும். டிக்கெட் விற்கும் இயந்திரம் உங்களை எச்சரிக்காது. இரவு ரயிலில் போய் அங்கே இறங்கிவிட்டால், எதிர்க்கரையில் உங்கள் ஹோட்டல் விளக்கு தெரியும், போய்ச் சேரத்தான் வழியிருக்காது. இருட்டில், குளிரில், வயதானவர்களோடு. அதனால் தாமதமாகிவிட்டால் ஹால்ஷ்டாட்டில் இறங்காமல் பக்கத்து நிலையமான ஓபர்ட்ரவுனில் இறங்குங்கள். அங்கிருந்து ஊருக்குச் சாலை இருக்கிறது. டாக்சியை ரயிலில் ஏறும் முன்பே சொல்லி வைத்துவிடுங்கள், வாசலில் காத்துக்கொண்டு நிற்காது. இந்த ஒரு ஊருக்கு மட்டும், எத்தனை மணிக்குக் கடைசிப் படகு என்று தெரியாமல் விமான டிக்கெட்டே போடாதீர்கள்.

அடுத்தது அறை. “ஏரியைப் பார்த்த அறை” என்று பேக்கேஜில் இருக்கிறதா? ஜன்னலிலிருந்து நேராகத் தெரியுமா, பால்கனியில் நின்று கழுத்தைத் திருப்பினால் தெரியுமா என்று கேளுங்கள். உங்கள் அப்பாவுக்கு அதைவிட முக்கியம் லிஃப்ட். பழைய ஊர்களில் வீடுகளைத்தான் ஹோட்டலாக மாற்றியிருப்பார்கள், பலவற்றில் லிஃப்ட் இருக்காது. இருந்தாலும் வாசலிலிருந்து லிஃப்ட் வரைக்கும் ஏழெட்டுப் படிகள் இருக்கும், அதை யாரும் படமெடுத்துப் போட மாட்டார்கள். தெருக்கள் கல் பாவியவை, பெட்டிச் சக்கரம் தடதடவென்று அடித்துக்கொண்டு சரியாக உருளாது. எத்தனை படி என்று எண்ணிச் சொல்லும்படி ஹோட்டலுக்கு எழுதுங்கள். நல்ல ஹோட்டல்காரர் எண்ணிச் சொல்வார். “எல்லாம் உட்பட” என்று முகவர் சொன்னாலும், ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று ஊராட்சி வாங்கும் தங்கும் வரியைப் பல இடங்களில் அங்கேதான் கட்ட வேண்டியிருக்கும்.

ஓர்த்தாவுக்குப் பதில் “இதைவிட மலிவாக, இதைவிட அமைதியாக” என்று வேறு ஊரைக் காட்டினால், அது இயற்கை ஏரியா, அணைத் தேக்கமா என்று கேளுங்கள். ஜெர்மனியில் ஃபூஸன் பக்கத்தில் இருக்கும் ஃபோர்கென்ஸே ஏரியின் கோடைக்காலப் படங்களைப் பார்த்தால் மயங்கிவிடுவீர்கள். அது 1954-இல் நிரப்பிய தேக்கம். அக்டோபர் நடுப்பகுதிக்குப் பிறகு தண்ணீரை இறக்கிவிடுவார்கள், குளிர்காலத்தில் அடித்தளத்தில் நடக்கலாம். படகும் ஜூனிலிருந்து அக்டோபர் பாதி வரைதான். நவம்பரில் ஏரிக்கரை அறைக்குப் பணம் கட்டியவர் பார்ப்பது சேற்றுவெளி. ஆற்றங்கரை ஊர் என்றால் தரைத்தள அறை வேண்டாம். ஜெர்மனியில் டானூப் நதிக்கரையில் இருக்கும் பாசாவ் நகரசபைச் சுவரில் எந்த வருடம் எதுவரை வெள்ளம் ஏறியது என்று கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். 2013 ஜூனில் அங்கே டானூப் 12.89 மீட்டர் வரை ஏறியது.

செப்டம்பர் கடைசி நல்ல நேரம். கூட்டம் குறைந்திருக்கும், படகுகளும் ஓடும். அதையே நவம்பருக்குத் தள்ளச் சொல்லி “ஆஃப் சீசன் சலுகை” காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பாதி ஹோட்டல்களும் உணவகங்களும் பூட்டியிருக்கும்.

கொடுத்த முன்பணத்துக்கு வருவோம். நாளையே முகவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், தொலைபேசியில் பேசாதீர்கள். ஹோட்டல், கார், படகு, சேவைக் கட்டணம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை, ஹோட்டல் முன்பதிவு எண், ரத்து செய்தால் எந்தத் தேதிக்குள் எவ்வளவு திரும்பும், விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பும். இத்தனையும் எழுத்தில் வேண்டும். முன்பதிவு எண் வந்ததும், ஹோட்டலின் சொந்தத் தளத்தில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே பேசி, உங்கள் பெயரில் அறை இருக்கிறதா என்று சரிபாருங்கள். இல்லை என்றால் முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். இருக்கிறது என்றால், அறையை மட்டும் வைத்துக்கொண்டு காரையும் படகையும் நீக்கச் சொல்லுங்கள். மீதிப் பணத்தை விசா கையில் வந்த பிறகு கட்டுவதாகச் சொல்லுங்கள். முடியாது என்றால், ரத்து செய்யும் வசதியோடு அதே ஹோட்டலில் நேரடியாகப் பதிவு செய்துவிட்டு அவரை விட்டுவிடலாம். முன்பணம் முழுக்கத் திரும்பாவிட்டாலும், முழுத் தொகையையும் ஒரே இடத்தில் சிக்கவைப்பதைவிட அது குறைந்த நஷ்டம்தான்.