212 மின்னஞ்சல்கள் – கடிதம்

அன்புள்ள அக்கா,

வேதியியலில், வினையூக்கி (வேதிவினையை விரைவாக்கும் பொருள்) பற்றிய ஆய்வுக்கு முனைவர் பட்டம் வாங்கிப் பதினான்கு மாதமாகிறது. போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) கேட்டு 212 பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று பதில், மூன்றும் ‘இடமில்லை’. இங்குள்ள ப்ராஜெக்ட் வேலையிலேயே தொடரலாமா? என் கட்டுரைகள் வந்த இதழ்களின் இம்பாக்ட் ஃபேக்டர் (இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்) குறைவு என்பதுதான் காரணமா? அப்பா வேறு ‘நான் யாரையாவது போய்ப் பார்க்கட்டுமா’ என்கிறார். எரிச்சலாக வருகிறது. நான் அனுப்பிய மின்னஞ்சலை இணைத்திருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இணைத்திருந்ததைப் படித்தேன். கோபம் வந்தது. ‘மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் புகழ்பெற்ற குழுவில் சேர ஆவலாக உள்ளேன்.’ இதை எழுதவா இத்தனை வருஷம் ஆய்வகத்தில் கண்விழித்தீர்கள்? பெண் பேராசிரியர்களுக்கும் இதே ‘ஐயா’தான் போயிருக்கும். அவர்களுடைய கட்டுரை பற்றி ஒரு வரி கிடையாது. உங்கள் வினையூக்கி எங்கே சிக்கி நின்றது, அந்த ஆய்வகத்துக்குப் போனால் அதை எப்படி மேலே கொண்டுபோவீர்கள்? அதைத்தானே அவர் தெரிந்துகொள்ள வேண்டும்? பத்துப் பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒரு கடிதத்துக்கு ஒரு வாரம் செலவிடுங்கள்.

ஐரோப்பிய ஆய்வு வேலைகள் வரும் யூராக்ஸஸ் தளத்தில் விளம்பரங்களைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பல இடங்கள் விளம்பரமாகும் முன்பே, நிதி கையில் வந்த ஒரு பேராசிரியர் ‘இதை யார் செய்வார்’ என்று யோசிக்கும்போதே பிறந்துவிடுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி க்யூரி ஃபெல்லோஷிப்புக்குப் பட்டம் பெற்ற பிறகும் சில ஆண்டுகள் வரை விண்ணப்பிக்கலாம். அதற்கும் உங்களை ஏற்றுக்கொள்ளும் பேராசிரியர் முதலில் வேண்டும். கெடு வழக்கமாகச் செப்டம்பரில் வரும். கோடையிலாவது பேச்சைத் தொடங்காமல் செப்டம்பரில் எதை எழுதுவது?

இம்பாக்ட் ஃபேக்டர் பேச்சை விடுங்கள்.

அப்பாவைப் பற்றி எழுதியதுதான் என்னைப் பதில் எழுத வைத்தது. 1901 மார்ச்சில் வேலையில்லாமல் இருந்த ஐன்ஸ்டைன், ஜெர்மனியின் லைப்சிக்கில் இருந்த உங்கள் துறைக்காரர், வேதியியல் பேராசிரியர் வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்டுக்குத் தன் முதல் கட்டுரையோடு வேலை கேட்டு எழுதினார். பதில் இல்லை. ஏப்ரலில் அப்பா ஹெர்மன், மகனுக்குத் தெரியாமல், அதே ஓஸ்ட்வால்டுக்கு ஒரு கடிதம் போட்டார்: அவன் கட்டுரையைப் படித்து ஊக்கமாக நாலு வார்த்தை எழுதுங்கள், முடிந்தால் உதவியாளர் வேலை கொடுங்கள். 1902 ஜூனில் மகன் சுவிட்சர்லாந்தின் பெர்ன் காப்புரிமை அலுவலகத்தில் சேர்ந்தார். அக்டோபரில் ஹெர்மன் இறந்துபோனார். 1910ஆம் ஆண்டு நோபல் பரிசுக்கு ஐன்ஸ்டைன் பெயரை முதன்முதலில் முன்மொழிந்தது அந்த ஓஸ்ட்வால்டுதான். பார்க்க அப்பா இல்லை.

என் வைவா (முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு) முடிந்த வருஷம் என் அப்பாவும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு என் கைடு வீட்டுக்குப் போனார். முக்கால் மணி நேரம் வாசலில் காத்திருந்துவிட்டுப் பழத்தோடு திரும்பினார். விஷயம் தெரிந்து ஒரு வாரம் அவரோடு நான் பேசவில்லை. என் ஆய்வின் தலைப்பைக்கூட அவருக்குச் சொல்ல வராது. நானும் ஒருநாளும் உட்கார்ந்து விளக்கியதில்லை. அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இன்றும் தொண்டை அடைக்கிறது.

ப்ராஜெக்டை விட்டுவிடாதீர்கள், சம்பளமும் கருவிகளும் வேண்டும். இன்று ராத்திரி சாப்பிட்டதும் உங்கள் வினையூக்கி என்ன செய்கிறது என்று அப்பாவுக்குச் சொல்லுங்கள். அவர் கேள்வி கேட்கும்வரை சொல்லுங்கள். முதல் மின்னஞ்சலை அதற்குப் பிறகு எழுதுங்கள்.