சடோஷி கோனிடமிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்?

கேள்வி: நடிகர்களை வைத்துக் குறும்படம் எடுக்கிறேன். ஜப்பானிய இயக்குநர் சடோஷி கோனின் அனிமேஷன் படங்கள் மேல் பெரிய பித்து. அவருடைய 'பெர்ஃபெக்ட் ப்ளூ'வின் குளியல்தொட்டிக் காட்சியை அமெரிக்க இயக்குநர் டேரன் அரோனோஃப்ஸ்கி உரிமை வாங்கித்தான் தன் படத்தில் வைத்தாராமே? நானும் உரிமை வாங்க வேண்டுமா?

பதில்: அந்த உரிமைக் கதையை நம்பாதீர்கள். இணையத்தில் பல வருடமாகச் சுற்றுகிறது, அவ்வளவுதான். அரோனோஃப்ஸ்கியின் 'ரெக்வியம் ஃபார் எ ட்ரீம்' (2000) படத்தில் நாயகி குளியல்தொட்டித் தண்ணீருக்குள் கத்தும் இடம், கோனுக்கு மரியாதையாக வைத்தது. 2001இல் சந்தித்தபோது அரோனோஃப்ஸ்கியே அப்படிச் சொன்னதாகக் கோன் எழுதியிருக்கிறார். தன் இன்னொரு படமான 'பிளாக் ஸ்வான்' பற்றிக் கேட்டால் மட்டும், 'பெர்ஃபெக்ட் ப்ளூ'வோடு ஒற்றுமை உண்டு, ஆனால் அதன் தாக்கம் இல்லை என்பார் அரோனோஃப்ஸ்கி. எனக்கு அதில் கொஞ்சம் சந்தேகம்தான்.

நம் நாட்டுச் சட்டத்தில் கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு. இரண்டையும் பார்த்தவருக்கு 'இது அதன் நகல்' என்று ஐயமில்லாமல் தோன்றுகிறதா என்பதே 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல். கதையையும் பாத்திரத்தையும் தொடாதீர்கள். ஒரு எடிட்டிங் உத்திக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

சரி, எதை எடுப்பது? குளியல்தொட்டி ஷாட்டை எடுத்தால் உங்களுக்கு ஒரு ஷாட் கிடைக்கும், அதோடு சரி. கோனின் பலம் ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் விதத்தில் இருக்கிறது. 'மில்லெனியம் ஆக்ட்ரஸ்' (2001) பாருங்கள். நாயகி சியோகோ ஓடிக்கொண்டே இருக்கிறாள். உடை மாறுகிறது, குதிரை போய் சைக்கிள் வருகிறது, நூற்றாண்டே மாறுகிறது. ஆனால் ஓட்டமும் அவள் தேடும் ஆளும் மாறுவதில்லை. அதனால்தான் நமக்கு வழி தப்புவதில்லை. அந்தப் பகுதியில் ஐந்து நிமிடத்தைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, ஒவ்வொரு வெட்டிலும் எது தொடர்கிறது என்று எழுதுங்கள்: உருவமா, அசைவா, பார்வையா? உங்கள் கதையில் அப்படித் தொடரக்கூடியது எது என்று அப்புறம் தேடுங்கள்.

படப்பிடிப்பில் முதல் ஷாட்டின் கடைசி ஃபிரேமை மானிட்டர் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு அடுத்ததை எடுங்கள். லென்ஸ், கேமரா உயரம், அசையும் திசை மூன்றும் ஒத்துப்போக வேண்டும். இரண்டு பக்கமும் சில நொடி கூடுதலாக எடுத்துவைத்து, அசைவு நடந்துகொண்டிருக்கும்போதே வெட்டுங்கள். ஒரு எச்சரிக்கை: வரைந்த படத்தில் வரைந்தது மட்டும்தான் இருக்கும். உங்கள் ஃபிரேமில் காலண்டர், மின்விசிறி, சுவிட்ச் போர்டு எல்லாம் வந்து உட்கார்ந்துவிடும். கண் தேடுவதற்கு நேரம் பிடிக்கும். பின்னணியைக் காலி செய்யுங்கள், இல்லையென்றால் கோனைவிடச் சற்று நிதானமாக வெட்டுங்கள்.

கோனும் மற்றவர்களிடம் எடுத்தவர்தான். ஜான் ஃபோர்டின் '3 காட்ஃபாதர்ஸ்' (1948) படத்தில் பாலைவனத்தில் குழந்தையோடு தவிக்கும் மூன்று கொள்ளையர்கள், 'டோக்கியோ காட்ஃபாதர்ஸ்' (2003) படத்தில் கிறிஸ்துமஸ் இரவில் தெருவோரம் வாழும் மூவர் ஆனார்கள். காலம் தாவும் உத்திக்கு அவர் கடன்பட்டது ஜார்ஜ் ராய் ஹில்லின் 'ஸ்லாட்டர்ஹவுஸ்-ஃபைவ்' (1972) படத்துக்கு. அது நடிகர்களை வைத்து எடுத்தது என்பதால், உங்கள் வேலைக்கு கோனின் படங்களைவிட நேரடியாக உதவும். அதை முதலில் பாருங்கள்.