மார்கழியில் ஃபிளாட் அலங்காரம்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

கார்த்திகை தீபம் முடிந்த கையோடு அலங்காரக் கேள்விகள் வரிசை கட்டிவிட்டன. பாதிக்கு மேல் ஓசூர் ஃபிளாட்டுகளிலிருந்து, மீதி கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்து. மார்கழிக் கோலம், கிறிஸ்துமஸ், புது வருஷம், பொங்கல் என்று ஒரே மூச்சில் வருவதால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கடைக்கு ஓடுகிறீர்கள். வேண்டாம். வீட்டில் ஒரே ஒரு இடத்தைப் பிடியுங்கள், வாசலோ ஹால் ஜன்னலோ. அதை மட்டும் நன்றாகச் செய்யுங்கள். வெளிச்சம் அப்படியே இருக்கட்டும், பண்டிகைக்குப் பண்டிகை பூவும் பொருளும் மாறினால் போதும்.

வாடகை ஃபிளாட், ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டேப் ஒட்டலாமா அக்கா? (ஓசூர்)

டபுள் சைடு டேப் பக்கமே போகாதீர்கள். உரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வரும், அப்புறம் அட்வான்ஸில் பிடிப்பார்கள். உங்கள் வீட்டில் கர்ட்டன் ராடு இருக்கிறது, ஜன்னல் கிரில் இருக்கிறது, கதவு இருக்கிறது, இந்த மூன்றே போதும். வார்ம் வைட் சீரியல் செட் ஒன்று வாங்கி ராடிலிருந்து நேராகத் தொங்கவிட்டு, அதன் முன்னால் மெல்லிய வெள்ளைத் துணியை இழுத்துவிடுங்கள். பல்பு தனித்தனியாகக் கண்ணைக் குத்தாமல் ஜன்னல் முழுக்க இதமாக ஒளிரும். கதவில் தோரணம் கட்ட, நூலைக் கதவின் மேல்விளிம்பைத் தாண்டிப் பின்பக்கம் இறக்கித் தாழ்ப்பாளில் முடிந்துவிடுங்கள். ஒரு கீறல் விழாது.

பால்கனியில் மாட்டின பேப்பர் ஸ்டார் மூன்றே நாளில் தொய்ந்து கிழிந்துவிட்டது. (ஓசூர், பாகலூர் ரோடு)

பனிதான் காரணம். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, டிசம்பர் விடியற்காலையில் பால்கனி கம்பியே சொட்டச் சொட்ட நனைந்திருக்கும், பேப்பர் எப்படித் தாங்கும்? பேப்பர் ஸ்டாரை ஜன்னல் கண்ணாடிக்கு உட்புறம் மாட்டுங்கள், தெருவிலிருந்து பார்த்தாலும் தெரியும். வெளியேதான் வேண்டும் என்றால் பிளாஸ்டிக் ஸ்டார், அதுவும் மேலே தளம் மூடிய இடத்தில். ஹோல்டர் வயர் ஜாயின்ட்டை இன்சுலேஷன் டேப்பால் நன்றாகச் சுற்றியாக வேண்டும். உள்ளே 5 வாட் எல்இடி போதும். பழைய குண்டு பல்பைப் பேப்பருக்குள் போடவே கூடாது, அதன் சூட்டில் பேப்பர் கருகும், தீயும் பிடிக்கலாம். கிறிஸ்துமஸ் குடிலில் பனி போலப் பஞ்சு தூவுகிறவர்களும் விளக்கை அதிலிருந்து தள்ளியே வையுங்கள்.

மூன்றாவது மாடி. வாசலில் வழவழ டைல்ஸ். கோலமாவு போட்டால் அரை மணி நேரத்தில் காலோடு போய்விடுகிறது, பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு தடவை வழுக்கிவிட்டார். மார்கழி முழுக்கக் கோலம் போட ஆசை. என்ன செய்யலாம்? (கிருஷ்ணகிரி)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. முதலில், டைல்ஸ் மேல் கோலமாவு போடுவதை இன்றே நிறுத்துங்கள். அது கல்மாவு, வழவழப்பான தரையில் உருண்டு காலை இழுத்துவிடும், வயதானவர்கள் நடக்கும் இடத்தில் ஆபத்து.

நீங்கள் இருப்பதோ கிரானைட் ஊர். கிரானைட் கடையில் வெட்டி ஒதுக்கிய துண்டுகள் கிடக்கும். கறுப்பில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கேளுங்கள், ஓரத்தைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். கிட்டத்தட்ட 10 கிலோ இருக்கும், நீங்களே தூக்கலாம். பாலிஷ் போடாத சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கட்டும், அதில்தான் மாவு பிடிக்கும். நடக்கும் வழியில் வைக்காமல் கதவை ஒட்டி ஒரு பக்கமாக வையுங்கள்.

இனி மாவு. பச்சரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து, நைசாக அரைத்து, மோர் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். சின்ன வெள்ளைத் துணியை அதில் நனைத்து உள்ளங்கையில் பிடித்து லேசாக அழுத்தினால் மோதிர விரல் வழியாக மாவு இறங்கும். அந்த விரல் நுனியாலேயே இழையுங்கள். போடும்போது ஒன்றும் தெரியாது, மங்கலாகத்தான் இருக்கும். காயக் காயக் கறுப்புக் கல்லில் வெள்ளை பளிச்சென்று எழும், மாலை வரை அழியாது. மறுநாள் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் புதுக்கோலம். இந்த அளவுக் கல்லுக்கு 7 புள்ளிச் சிக்குக் கோலம் கச்சிதம்.

பூசணிப்பூ வைக்க ஆசையா? உழவர் சந்தைக்குப் பூசணி கொண்டுவருகிற விவசாயியிடம் ஆண் பூவாக நாலு பறித்து வரச் சொல்லுங்கள். ஆண் பூ காய்க்காது, அதனால் அவருக்கும் நஷ்டமில்லை. சாணி உருண்டையை அகலில் வைத்து அதன் மேல் பூவைச் செருகினால் தரையில் கறை படாது. மதியத்துக்குள் வாடிவிடும், அதன் இயல்பு அப்படி.

மாசம் முழுக்கச் சீரியல் செட் எரிந்தால் கரண்ட் பில் எகிறுமா? (தர்மபுரி)

எகிறாது. 10 வாட் எல்இடி செட் தினம் 6 மணி நேரம் என்றால் 30 நாளைக்கு 1.8 யூனிட், அவ்வளவுதான். பில்லை விட வயரைக் கவனியுங்கள்: நாலைந்து செட்டை ஒன்றோடொன்று கோத்து ஒரே பிளக்கில் சொருகாதீர்கள், மிதியடிக்கு அடியில் வயர் ஓட்டாதீர்கள், படுக்கும்போது அணைத்துவிடுங்கள்.

போன வருஷம் சிவப்பாக வாங்கின பாயின்செட்டியா செடி இப்போது பச்சையாகவே நிற்கிறது. உரம் போதவில்லையா? (ஓசூர்)

உரமில்லை, இருட்டு போதவில்லை. சிவப்பாகத் தெரிவது பூவல்ல, இலை. நீண்ட இரவு தொடர்ந்து கிடைத்தால்தான் அது நிறம் மாறும். ஹாலில் வைத்துப் பத்து மணி வரை டியூப் லைட் போட்டால் செடிக்கு இரவே வருவதில்லை. பால்கனியில் தெருவிளக்கு வெளிச்சம் விழுந்தாலும் இதே கதைதான். மாலை 6 மணிக்கு அட்டைப்பெட்டியால் மூடிக் காலை 8 மணிக்கு எடுங்கள், பகலில் நல்ல வெயில் படட்டும். இரண்டு மாதம் பிடிக்கும், அதனால் இந்தக் கிறிஸ்துமஸுக்கு வராது. அடுத்த வருஷம் அக்டோபர் தொடக்கத்திலேயே ஆரம்பியுங்கள். கிளையை ஒடித்தால் வரும் பால் தோலில் அரிக்கும், குழந்தைகள் கை எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

இப்போதைக்குச் சிவப்பு வேண்டுமென்றால் ஓசூரில் ரோஜாவுக்கா பஞ்சம்? காம்பைச் சாய்வாக வெட்டி, தண்ணீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிட்டு, தினமும் தண்ணீர் மாற்றுங்கள்.

குடிலுக்குப் பச்சைப் புல் முளைக்க வைக்க எப்போது விதைக்கணும்? (தர்மபுரி)

கேழ்வரகுதான் நம் பக்கத்துக்குச் சரி. ஓர் இரவு ஊறவைத்து, அகலமான தட்டில் ஈரமண் பரப்பி, டிசம்பர் 12 வாக்கில் நெருக்கமாகத் தூவுங்கள். தண்ணீரை ஊற்றாமல் தெளித்தாலே போதும். 24-ஆம் தேதி இரவு பாலன் இயேசுவை வைக்கும்போது பச்சைப் பாய் தயாராக இருக்கும். ஓசூர்க் குளிரில் முளைப்பு மெதுவாகும், அங்கே நாலு நாள் முன்னதாகவே விதைத்துவிடுங்கள். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரை குடில் இருக்குமென்றால் இடையில் ஒரு தடவை கத்தரியால் மட்டம் வெட்டிவிடலாம்.

பொங்கலுக்குக் காப்பு கட்டவும் கரும்பு நிறுத்தவும் ஃபிளாட்டில் எங்கே இடம்? (ஓசூர்)

நிறைய இடம் இருக்கிறது. பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் சின்னக் கொத்தாகச் சேர்த்து, போகியன்று வாசல் கிரில் கேட்டில் நூலால் கட்டிவிடுங்கள். கேட் இல்லையென்றால் மேலே சொன்ன தாழ்ப்பாள் வழிதான். கரும்பு முழுசாக லிஃப்டில் ஏறாது, கடையிலேயே தோகையோடு மேல்பாதி 4 அடிக்கு வெட்டி வாங்குங்கள். அடிப்பாதியையும் விடாமல் வாங்கிக்கொள்ளுங்கள், இனிப்பு அதில்தான். மேல்பாதியை ஒரு வாளியில் நாலு விரல் தண்ணீர் விட்டு நிறுத்தினால் தோகையும் சீக்கிரம் வாடாது, எறும்பும் ஏறாது.