கேளுங்க அக்கா: புத்தகம் மாறிடுச்சு, பிரின்சிபல் மாறினாங்களா?

கேள்வி (வாசகி, குயீன்ஸ், நியூயார்க்): அக்கா, என் பையன் ஃபர்ஸ்ட் கிரேடு. மூத்தவ படிச்சப்ப வாராவாரம் பை நிறைய கதைப்புத்தகம் வரும், லெவல் ஏ, லெவல் பி-ன்னு ஸ்டிக்கர் ஒட்டி. இப்ப பிரின்சிபல் மீட்டிங் போட்டு இனிமே 'சயின்ஸ் ஆஃப் ரீடிங்'தான்னு சொல்லிட்டாங்க, இவன் என்னடான்னா வீட்டுல பிளாஸ்டிக் காயின நகத்தி நகத்தி ஷ்... இ... ப்-னு உக்காந்திருக்கான். இது முன்னேற்றமா, இல்ல மறுபடி எல்கேஜியா?

பதில்: முன்னேற்றம்தான்மா, பயப்படாத. 'சயின்ஸ் ஆஃப் ரீடிங்'னா, புள்ளைங்க படிக்கக் கத்துக்கறது எப்படின்னு ஆராய்ச்சி சொல்றபடி பாடம் நடத்தறது, அவ்வளவுதான். அந்தக் காயின் விளையாட்டையே எடுத்துக்கோ. ஷிப்-ங்கிற வார்த்தைக்கு இங்கிலீஷ்ல நாலு எழுத்து, ஆனா காதுல விழற சவுண்டு மூணுதான், அதனால மூணு கட்டம், மூணு காயின். ஒவ்வொரு சவுண்டுக்கும் ஒரு காயின தள்ளிட்டு, அப்புறம் காயின எடுத்துட்டு எழுத்த வைக்கணும், அப்போ மொத கட்டத்துல எஸ், எச் ரெண்டும் சேந்து உக்காரும். ரெண்டு எழுத்து சேந்து ஒரே சவுண்டுங்கிறது புள்ளைக்கு அங்கதான் பிடிபடுது. பேச்சு காதுல கேட்டே வந்துடும், படிப்பு அப்படி வராது, எழுத்தையும் சவுண்டையும் யாராவது வரிசையா நேரடியா சொல்லிக்குடுத்தாதான் பெரும்பாலான பிள்ளைங்களுக்கு வரும். அமெரிக்காவோட நேஷனல் ரீடிங் பேனல் 2000-லயே இதச் சொல்லிடுச்சு, சவுண்ட பிரிச்சுக் கேக்கறது, ஃபோனிக்ஸ் (எந்த எழுத்துக்கு எந்த சவுண்டுன்னு சேத்துப் படிக்கறது), தடங்காம படிக்கறது, சொல்வளம், அர்த்தம் புரியறது, இந்த அஞ்சும் வேணும்னு. ஸ்கூலுக்கு வந்து சேரத்தான் இருபது வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு.

உங்க ஊர்ல என்ன ஆச்சுன்னா, 2023-ல அப்போ சான்சலரா, அதாவது நகரத்து அரசுப் பள்ளிகளுக்கெல்லாம் தலைவரா இருந்த டேவிட் பேங்க்ஸ் 'என்ஒய்சி ரீட்ஸ்'னு ஒரு வாசிப்புத் திட்டம் ஆரம்பிச்சார். நகரத்தோட 32 ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டும் மூணு பாடத்திட்டத்துல ஒண்ண எடுத்துக்கணும், 15 டிஸ்ட்ரிக்ட் மொத வருஷம், மீதி 2024-ல. அதுக்கு முன்னாடி அந்தந்த ஸ்கூல் பிரின்சிபல் தனக்குப் பிடிச்சத வாங்கிக்குவார், நிறைய பேர் வாங்கினது லூசி கால்கின்ஸ்-ங்கிற கல்விப் பேராசிரியையோட பாடத்திட்டம். இப்போ தேர்வு பண்றது டிஸ்ட்ரிக்ட் சூப்பரின்டென்டன்ட். பிரின்சிபல்களோட சங்கம் கடுப்பாச்சு, அதுலயும் கொஞ்சம் நியாயம் இருக்கு, ஏன்னா மேலேருந்து ஆர்டர் போட்டா புது புத்தகம் டெலிவரி ஆகும், கதவ சாத்தினதுக்கப்புறம் வகுப்புல நடக்கற பாடம் மாறிடும்னு யாரு சொன்னா? அடுத்த மீட்டிங்ல நீ கேக்க வேண்டியது ஒண்ணுதான், "மேடம், இந்த டிரெயினிங்ல டீச்சர்களோட நீங்களும் உக்காந்தீங்களா?" பதில் எப்படி வருதுன்னு பாரு.

கதைப்புத்தகத்த நிறுத்திடாத. அவன் தானா படிக்க சின்னப் புத்தகம், நீ படிச்சுக் காட்ட பெரிய கதை. தமிழ்க் கதையும் சேத்துதான்.

கேள்வி (வாசகர், கோவை): படத்தைப் பார்த்து வார்த்தையை யூகிக்கிறது புத்திசாலித்தனம்தானே? அதை ஏன் தப்புங்கிறாங்க?

பதில்: வீடு படம் போட்டிருக்கு, கீழ 'ஹவுஸ்'னு எழுதியிருக்கு, புள்ள 'ஹோம்'ங்குது. மொத எழுத்து சரி, அர்த்தமும் சரி, படமும் சரி, டீச்சர் வெரிகுட்னு தட்டிக்குடுத்துட்டு அடுத்த பக்கம் போயிடுவாங்க. ஆனா அந்த வார்த்தைய அது படிக்கவே இல்லியே! மூணாங்கிளாஸ் தாண்டினா புத்தகத்துல படம் கொறஞ்சிடும், அப்பத்தான் குட்டு வெளிப்படும். 'த்ரீ கியூயிங்'னு பேரு வெச்சு இதையே ஒரு முறையா பல வருஷம் சொல்லிக்குடுத்தாங்க, இப்போ அமெரிக்காவுல பல மாநிலங்கள் சட்டம் போட்டே நிறுத்திட்டாங்க.

கேள்வி (வாசகர், மதுரை): மிசிசிப்பி அதிசயம், மிசிசிப்பி அதிசயம்னு ஓவரா பேசறாங்க. மூணாவதுல ஃபெயில் போட்டு நிறுத்தி வெச்சா நாலாவது மார்க் தன்னால ஏறத்தானே செய்யும், இதுல என்ன அதிசயம்?

பதில்: நல்லா கேட்டீங்க சார், இந்த சந்தேகம் அங்கயே நிறைய பேருக்கு இருக்கு. மிசிசிப்பி அமெரிக்காவுலயே ரொம்ப ஏழை மாநிலம். 2013-ல நாலாம் வகுப்பு ரீடிங்ல, நேப்-ங்கிற தேசியத் தேர்வுல 49-ஆவது இடம். அந்த வருஷமே ஒரு சட்டம் வந்துச்சு, மூணாவது முடிக்கும்போது படிக்கத் தெரியலன்னா நாலாவதுக்கு அனுப்ப மாட்டோம்னு, சில விதிவிலக்குகளோட. 2019-ல தேசிய சராசரிய தொட்டாங்க, 2024-ல 9-ஆவது இடம். எல்லாரும் பிடிச்சுக்கிட்டது அந்த ஃபெயில் விஷயத்த மட்டும், ஏன்னா தலைப்புக்கு அதுதான் சூடா இருக்கு.

ஃபெயில் போட்டதோட நிக்கல சார், மத்த வேலையப் பாருங்க. மாநிலமே ரீடிங் கோச்சுகள தேர்ந்தெடுத்து, பயிற்சி குடுத்து, ரொம்ப பின்தங்கின ஸ்கூல்களுக்கு அனுப்புச்சு. இந்த கோச் இன்ஸ்பெக்‌ஷன் ஆபீசர் மாதிரி நோட்டும் கையுமா வர்றவர் இல்ல, வகுப்புல தானே பாடம் எடுத்துக் காட்டி, டீச்சர் எடுக்கும்போது பக்கத்துல இருந்து, அப்புறம் உக்காந்து பேசறவர். வாசிப்ப எப்படி சொல்லிக்குடுக்கறதுன்னு 'லெட்டர்ஸ்'-ங்கிற நீளமான பயிற்சி டீச்சர்களுக்கு, பிரின்சிபல்களுக்கும் அதுல இடம் உண்டு. கேஜிலேருந்து மூணாவது வரைக்கும் வருஷத்துக்கு மூணு தடவ சின்ன டெஸ்ட், பின்தங்கினா உடனே வீட்டுக்கு லெட்டர். அப்போ கல்வித்துறைத் தலைவரா இருந்த கேரி ரைட் 2013-லேருந்து 2022 வரைக்கும் ஒரே நாற்காலில இருந்தாங்க, ஒரு திட்டத்த ஒன்பது வருஷம் மாத்தாம ஓட்டறதுங்கிறதே நம்ம காலத்துல பெரிய விஷயம்! அதிசயம்னு சொன்னா அவங்களுக்கு பிடிக்காது, மாரத்தான்னுதான் சொல்லுவாங்க.

உங்க சந்தேகத்துல பாதி சரி. நிறுத்தி வெச்சா பரீட்சை எழுதற புள்ளைக்கு ஒரு வயசு கூட, அது கொஞ்சம் உதவத்தான் செய்யும். அதோட எட்டாம் வகுப்புல இன்னும் தேசிய சராசரிக்குக் கீழதான் இருக்காங்க. எழுத்த கூட்டிப் படிக்கறதுல ஜெயிச்சாச்சு, பெரிய பாடத்த புரிஞ்சு படிக்கறதுல ஜெயிக்கணும், அது வேற வேலை. ஆனா மொத தடவ பிள்ளைங்கள நிறுத்தினது 2015-ல, அப்பறம் 2018-19-ல பாஸ் லெவலையும் ஏத்தினாங்க, அப்படியும் நாலாவது மார்க் விழல. வெறும் ஃபெயில் போட்டே இதெல்லாம் நடந்துச்சுன்னு எனக்குத் தோணல.

கேள்வி (தலைமை ஆசிரியை, தஞ்சாவூர் பக்கம்): எங்க தனியார் பள்ளில விலை கொடுத்து ஃபோனிக்ஸ் கிட் வாங்கினோம். பிள்ளைங்க இங்கிலீஷ கடகடன்னு படிக்கிறாங்க, என்ன படிச்சேன்னு கேட்டா முழிக்கிறாங்க. நான் என்ன செய்யணும்?

பதில்: டீச்சர், கிட் அதோட வேலைய செஞ்சிடுச்சு, மீதி பாதி உங்க கையில. கஃப், டன்மர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1986-ல ஒரு கணக்கு சொன்னாங்க, எழுத்த படிக்கற திறமை பெருக்கல் மொழி புரியற திறமை, ரெண்டும் சேந்தாதான் வாசிப்பு. கூட்டல் இல்ல, பெருக்கல், ஒரு பக்கம் பூஜ்யம்னா மொத்தமும் பூஜ்யம். மிசிசிப்பி புள்ளைங்க பெரும்பாலும் வீட்டுல இங்கிலீஷ் பேசிட்டு ஸ்கூலுக்கு வருது, 'பக்கெட்'னு கூட்டிப் படிச்ச உடனே வாளி கண்ணு முன்னாடி வந்துடும். உங்க புள்ளைக்கு பக்கெட் வரும், ஏன்னா அத வீட்டுலயே சொல்றோம், ஆனா 'மட்'னு படிச்சா சேறு வராது. அதனால படிக்கறதுக்கு முன்னாடியே அந்தப் பாடத்துல வர்ற வார்த்தைய வாயால பேச வெய்யுங்க, பொருள காட்டி, தமிழ்ல அர்த்தம் சொல்லி. இங்கிலீஷ் மீடியம்னா தமிழ் பேசக்கூடாதுன்னு போர்டு கீர்டு மாட்டியிருந்தா கழட்டிடுங்க!

தமிழ் வாசிப்ப மொதல்ல உறுதி பண்ணுங்க. நம்ம எழுத்துல எழுதினபடியே சவுண்டு பெரும்பாலும் வரும், பிரச்சினை என்னன்னா 216 உயிர்மெய், அதுல கொ, கோ, கெ, கே எல்லாத்தையும் புள்ள குழப்பிக்கும், அங்க நேரம் குடுக்கணும்.

அப்பறம் நீங்க வாரத்துக்கு ரெண்டு நாள் காலைல மொத பீரியட் ஒண்ணாங்கிளாஸ்ல போய் பின் பெஞ்ச்ல உக்காருங்க. டீச்சர மார்க் போட இல்ல, ஒவ்வொரு புள்ளையா கூப்பிட்டு ஒரு பத்தி படிக்கச் சொல்லிக் கேக்க. ஃபீஸ் ஃபைல் ஆபீஸ்ல கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும்.