நாற்பத்தைந்துக்குப் பிறகு இன்னும் எவ்வளவு தூக்கலாம்?

எனக்கு 54 வயது, அதில் 26 வருடம் ஜிம்மில். கொழும்பில் நீண்ட காலமாகப் பாரம் தூக்குபவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

வெள்ளவத்தை, 47: அண்ணா, டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பாரத்தைத் தூக்கி நிமிர்வது) மூன்று வருடமாக 180 கிலோவிலேயே நிற்கிறது. 200 இனி முடியுமா?

முடியலாம் தம்பி, ஆனால் எத்தனை கிழமையில் என்று கேட்காதீர்கள். 15 வருடம் தூக்கியவருக்கு வருடத்துக்கு 5 கிலோ ஏறினாலே பெரிய விசயம். அப்படிப் பார்த்தால் 200 உங்கள் 51ஆவது வயதுக்கான வேலை. அதுவரை உச்சத்தை, அதாவது ஒரே ஒரு தடவை தூக்கக்கூடிய எடையை, அடிக்கடி சோதிக்க வேண்டாம். ஒரு எடையை நிறுத்தாமல் தூக்கிய தடவைகளை 30ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, அந்த எடையால் பெருக்குங்கள். உச்சம் உத்தேசமாகத் தெரியும். 150 கிலோவை 6 தடவை தூக்கினால் 180, பத்துத் தடவை என்றால் 200. அதாவது 150ஐத் தூக்கும் தடவைகளில் வருடத்துக்கு ஒன்றைக் கூட்டினால் போதும்!

இதை நான் பட்டுத்தான் படித்தேன். 41 வயதில் பழைய உச்ச எடையைத் துரத்தி முதுகைப் பிடித்துக்கொண்டு, ஒரு வருடம் போயிற்று. தசை தயாரானாலும் அதை எலும்போடு இணைக்கும் தசைநாண் மெதுவாகத்தான் பலப்படும். அப்புறம் புதுக் கொப்பி ஒன்று வாங்கினேன். நாற்பதுக்குப் பிறகு தூக்கியது மட்டுமே அதில் இருக்கிறது. நீங்களும் அப்படி ஒன்று தொடங்குங்கள்.

கொட்டாஞ்சேனை, 52: மாதவிடாய் நின்றுவிட்டது. பாரத்தை விடு என்கிறார்கள் வீட்டில்.

விடாதீர்கள் தங்கச்சி. ஈஸ்ட்ரஜன் குறையும்போது எலும்பு வேகமாக அடர்த்தி இழக்கும். அந்த எலும்புக்குப் பாரம்தான் வேலை கொடுக்கிறது. எலும்பு அடர்த்திப் பரிசோதனை ஒன்று செய்யுங்கள். அடர்த்தி குறைந்திருந்தால் முதுகை வளைத்துத் தூக்கும் பயிற்சிகளை நிறுத்திவிட்டு, மற்றதை டாக்டரோடு கதைத்து முடிவெடுங்கள். எழுபதிலும் ஸ்குவாட் (பாரத்தோடு குந்தி எழும்புவது) செய்வதை இலக்காக வையுங்கள்.

தெஹிவளை, 50: பிறஷர் குளிசை எடுக்கிறேன். கனமாகத் தூக்கலாமா?

முதலில் டாக்டரின் சம்மதம். மூச்சை அடக்கித் தூக்கும்போது அழுத்தம் எகிறும். அதனால் தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், இன்னும் இரண்டு மூன்று தடவை முடியும் என்ற நிலையிலேயே நிறுத்துங்கள்.

பம்பலப்பிட்டி, 49: போட்டிக்குப் போக இப்போது நேரமா?

அடுத்த வருடம் போங்கள். சர்வதேச பவர்லிஃப்டிங் சம்மேளனத்தின் விதிப்படி மூத்தோர் பிரிவுகள் 40, 50, 60, 70 எனத் தொடங்குகின்றன. ஐம்பதை எட்டும் வருடத்தின் ஜனவரி 1 முதலே நீங்கள் அடுத்த பிரிவு, அதுவும் அங்கே இளையவர்.

மருதானை, 45: புரதப் பவுடர் விலை கட்டுப்படியாகவில்லை அண்ணா.

தேவையுமில்லை. சிறுநீரக வருத்தம் இல்லாதவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் காணும். 75 கிலோ என்றால் 120 கிராம். முட்டை ஒன்றில் 6, சூரை மீன் 100 கிராமில் ஏறத்தாழ 24. வயது ஏற ஏற ஒவ்வொரு வேளையும் போதிய புரதம் வேண்டும், இராச்சாப்பாட்டில் மட்டும் சேர்த்தால் சரிவராது. காலையில் இடியப்பமும் சம்பலும் மட்டும்தான் என்றால், நாளையிலிருந்து மூன்று முட்டையும் பருப்பும் சேருங்கள்.